தேளிக்கு மட்டும் தனிச் சட்டம்

"அன்பார்ந்த பொதுமக்களே, வைப்பாற்றில் மீன் பிடிப்போர் கவனத்திற்கு..." என்று என் ஒலிபெருக்கிக் குழாய் ஆரம்பித்து ஒரு மூச்சுகூட ஆகியிருக்காது. நாலு பக்கத்திலிருந்தும் பெண்கள் சட்டியோடு வந்துவிட்டார்கள்.

ஒருத்தி கையில் அலுமினியச் சட்டி. இன்னொருத்தி கையில் தூக்குவாளி. ஒரு பெண் அரிசி களைந்துகொண்டிருந்த ஏனத்தை அப்படியே காலி செய்து எடுத்து வந்திருந்தாள். அடியில் நாலைந்து அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் என் ஆட்டோவின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்கள். அங்கே பேட்டரியும் ஆம்ப்ளிஃபையரும் என் மதியச் சாப்பாட்டு டப்பாவும் இருந்தன.

"என்ன மீனு பாய்? சாளையா?"

"மீன் இல்லம்மா. மீன் பிடிக்கிறதப் பத்தி அறிவிப்பு. கவர்மெண்டு."

"அப்ப மீனு பின்னால வருதா?"

"வராது."

"மீனு இல்லாம எதுக்கு மீனு மீனுன்னு கத்துதீரு?"

நியாயமான கேள்வி.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் ஒரு வண்டி குழாய் கட்டிக்கொண்டு மீன் என்று சொன்னால், அது தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியோடு வந்த வண்டி. மீனை எப்படிப் பிடிக்கக் கூடாது என்று சொல்வதற்கு ஒரு வண்டி வரும் என்பதை அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. எங்கள் பக்கம் ஆறு என்றால் மணலும் வேலிக்கருவேலமும்தான். தண்ணீர் விருந்தாளி. வரும், ஒரு வாய் காப்பி குடிக்கும், போய்விடும்.

எப்போது அணைப்பேன்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். இந்த வாரம்தான் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வரி: நான் காதர். ஆட்டோவில் குழாய் கட்டி ஊர் ஊராக அறிவிப்பு செய்கிறவன். ஜவுளிக் கடைத் தள்ளுபடி, கோயில் கொடை, தர்கா கந்தூரி, தேர்தல், காணாமல் போன ஆடு, எல்லாம் ஒரே தொண்டைதான்.

இப்போதெல்லாம் தொண்டைக்கும் வேலை குறைவு. வீட்டிலேயே பதிந்து பென்டிரைவில் போட்டுவிட்டால் அதுபாட்டுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். நான் வண்டியை ஓட்டினால் போதும்.

ஆனால் ஒரு கொள்கை உண்டு. வழியில் சாவு வீடு வந்தால் அணைப்பேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் அணைப்பேன். மற்றபடி எவர் வந்தாலும் அணைப்பதில்லை. ஒருமுறை ஒரு கட்சிக்காரர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருவில் நான் தீபாவளி பனியன் விற்பனைக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். ஆள் விட்டு அணைக்கச் சொன்னார். அணைக்கவில்லை. அவர் பேச்சைவிட என் அறிவிப்பில் விஷயம் அதிகம் இருந்தது.

மாப்பிள்ளைக்கு ஒன்று, மச்சினனுக்கு ஒன்று

மீன் வேலை எனக்கு வந்தது போன பெருமழைக்குப் பிறகு. கண்மாய்கள் உடைந்து, இருந்த மீனெல்லாம் ஆற்றில் இறங்கிவிட்டது. ஆற்றில் தண்ணீர் ஓடியது. அதில் மீனும் ஓடியது. சனங்கள் சும்மா இருப்பார்களா? கொசுவலையைக் கொண்டுபோய் அரித்தார்கள். சேலையைக் கொண்டுபோய் அரித்தார்கள். விரல் நீளக் குஞ்சுகளைக்கூட விடவில்லை.

மீன்வளத் துறையில் ஒரு பெண் ஆய்வாளர் இருந்தார். கடற்கரை ஊர்க்காரர், சின்ன வயது. ஆற்றோர ஊர்களில் அறிவிப்பு செய்ய வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டு விஷயத்தைக் கொடுத்தார். புரியாத எதையும் நான் மைக்கில் சொல்வதில்லை, அரசியலைத் தவிர. அதனால் கேட்டேன்.

"மேடம், மீன்னா மீன்தான? மொத்தமா பிடிக்காதன்னு சொல்லிட்டா ஒரு வரியில முடிஞ்சிரும். பெட்ரோலும் மிச்சம்."

"அப்படி இல்ல பாய். ஒவ்வொரு மீனும் ஒவ்வொரு மாதிரி. விரால் குஞ்சு பொரிச்சா தாயும் தகப்பனும் கூடவே நின்னு காவல் காக்கும். தண்ணியில செவப்பா குஞ்சுக் கூட்டம் தெரிஞ்சா அங்கன வலை போடக் கூடாது. பெருசப் பிடிச்சிட்டா குஞ்சு அம்புட்டும் அநாதை. கெண்டை, கெளுத்தி சிறுசா மாட்டுனா திருப்பி விட்டுரணும். ஜிலேபி மீனு எவ்வளவு வேணாலும் பிடிக்கட்டும்."

"மீசை வச்ச தேளி?"

"நாட்டுத் தேளி மாட்டுனா கண்டிப்பா திருப்பி விடணும், அது அருகிப் போச்சு. ஆப்பிரிக்கத் தேளி மாட்டுனா திருப்பி விடவே கூடாது. கொன்னு புதைக்கணும்."

"ரெண்டும் தேளிதான?"

"ரெண்டும் தேளின்னுதான் விக்கிறாங்க. ஆனா ஆப்பிரிக்கத் தேளி ஆத்துல இறங்குனா மத்த மீனோட முட்டை, குஞ்சு, தவளை ஒண்ணையும் மிச்சம் வைக்காது. அதனாலதான் அத வளக்கக் கூடாது, விக்கக் கூடாது, எந்தத் தண்ணியிலயும் விடக் கூடாதுன்னு தடை."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். முதலில் தலை சுற்றியது. பிறகு, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று பட்டது. எங்கள் வீட்டிலேயே மாப்பிள்ளை வந்தால் பிரியாணி, மச்சினன் வந்தால் காப்பி, பெரியத்தா மகன் வந்தால் "அவிய வீட்ல இல்லையே." ஆள் பார்த்துத்தான் எல்லாச் சட்டமும்.

அந்தத் தைரியத்தில் எழுதிப் பதிந்தேன். "விரால் கைப்பிள்ளைக்காரி, தொந்தரவு செய்யாதீர். கெண்டையும் கெளுத்தியும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், வளர விடுங்கள். ஜிலேபி வெளியூரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டது, தாராளமாகப் பிடியுங்கள். நாட்டுத் தேளி நம் வீட்டுப் பிள்ளை; திருப்பி விடுங்கள். ஆப்பிரிக்கத் தேளி உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வது. மறுபடி உள்ளே விடாதீர்."

மேடம் முழுவதும் கேட்டார். "இத ஆபீஸ் பக்கம் மட்டும் போடாதீங்க பாய்" என்றார்.

உப்போடு பிறந்த மீன்கள்

இவ்வளவு சொன்னேனே தவிர, எனக்கு உயிருள்ள மீன்களோடு பழக்கம் கிடையாது. எங்கள் தெருவில் வளர்ந்த எவனுக்கும் கிடையாது. எங்களுக்கு மீன் என்றால் சந்தையில் சாக்கு விரித்துக் குவித்திருக்கும் கருவாடு. நெத்திலி, வாளை, பால்சுறா. வாடை மூக்குக்குப் பிடிபடும் தூரத்திலேயே இன்னது என்று சொல்லிவிடுவோம். ஆனால் எல்லாம் வயிறு பிளந்தோ தலை போயோ இருக்கும்.

சின்ன வயதில் முதன்முதலாக அத்தாவோடு தூத்துக்குடி போனபோது கூடையில் ஒரு மீன் துள்ளியது. அது இன்னும் தயாராகவில்லை என்றுதான் நினைத்தேன்.

இரண்டு தேளிக்கும் வித்தியாசம் தெரியாதவன் ஊர் ஊராகப் போய் வித்தியாசம் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் தொழிலில் இது பெரிய குறை இல்லை. வேட்டி கட்டாதவன்தான் வேட்டி விளம்பரத்துக்கும் குரல் கொடுக்கிறான்.

கிணற்றுக்கும் உண்டா?

சட்டியோடு வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்த பிறகு, ஒருவர் மட்டும் ஆட்டோவை விட்டுப் போகாமல் நின்றார். தலையில் துண்டு, கையில் கரிசல் மண் ஒட்டிய மண்வெட்டி. குருசாமி என்று பெயர் சொன்னார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ஆற்றங்கரையை ஒட்டித் தோட்டம்.

"பாய், இந்தச் சட்டம் ஆத்துக்கு மட்டுமா, கெணத்துக்கும் உண்டா?"

"கேட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்று மேடத்துக்குப் போன் போட்டேன். என்ன மீன் என்று கேட்டார். தேளி என்றார் குருசாமி. எவ்வளவு பெரிது என்று கேட்டார். குருசாமி கையை நீட்டி, தோளிலிருந்து விரல் நுனி வரை காட்டினார். அதை நான் போனில் சொன்னேன். உடனே, "நீங்க அங்கனயே இருங்க, நான் வாரேன்" என்றார்.

ஊரில் அத்தனை பேர் இருந்தும் அவர் ஒருவர்தான் சந்தேகம் கேட்டார். சந்தேகம் கேட்கிறவனுக்குத்தான் எப்போதும் வில்லங்கம் வரும்.

மேடம் வருவதற்குள் கிணற்றைப் பார்க்கலாம் என்று கூட்டிப்போனார். ஆட்டோவைத் தோட்டத்து ஓரமாக நிறுத்தினேன். குழாயை அணைக்கவில்லை. கொள்கை என்று சொன்னேனே.

எங்கள் பக்கம் கிணற்றில் மீன் விடுவது வழக்கம். புழு பூச்சியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும். கிணற்று மீனை யாரும் பிடித்துத் தின்னமாட்டார்கள். அது வீட்டு ஆள் கணக்கு. இந்தக் கிணற்றிலும் ஒரு வருஷம் தூர் வாரிய பிறகு, சைக்கிளில் மீன் குஞ்சு விற்க வந்தவனிடம் குருசாமியின் தம்பி ரெங்கசாமி கொஞ்சம் வாங்கி விட்டிருக்கிறார். இப்போது இருப்பது ஒன்றே ஒன்று.

"மத்ததெல்லாம் எங்க அண்ணாச்சி?"

"அதுகிட்டதான் கேக்கணும்" என்றார் குருசாமி.

ஏலேயும் மாப்ளயும்

தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நின்றது. குருசாமி மடியிலிருந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு உருண்டை போட்டார். கறுப்பாக ஒரு முதுகு மேலே வந்தது. மீசை தெரிந்தது. எனக்குப் பின்னால் நகர வேண்டும் போல இருந்தது, நகர்ந்தேன்.

அந்த நேரத்தில் கிணற்றின் எதிர்ப்பக்கத்தில் இன்னொருவர் வந்து நின்றார். அச்சு அசல் குருசாமி, மீசை மட்டும் கறுப்பு. ரெங்கசாமி. அவர் கையில் காராச்சேவுப் பொட்டலம். அண்ணன் சோறு போடுவார், தம்பி சேவு போடுவார். மீன் இரண்டையும் தின்னும்.

குருசாமி தம்பியைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்:

"ஏலே, மீன் ஆபீசர் வராவளாம். ஒன்னயப் பாக்கணுமாம். எல்லாருக்கும் சொல்லிரு."

ரெங்கசாமியும் தண்ணீரைப் பார்த்துத்தான் கேட்டார்:

"மாப்ள, எதுக்காம்? யாரு போயி வத்தி வச்சாவளாம்?"

"ஏலே, யாரும் வத்தி வைக்கல. சும்மா கேட்டோம்னு சொல்லு."

நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு மெதுவாக விளங்கியது; மீதியைக் குருசாமி தணிந்த குரலில் சொன்னார். அண்ணனும் தம்பியும் பல வருஷமாகப் பேச்சில்லை. வரப்பில் நின்ற ஒரு வேப்பமரம் யாருக்கு என்பதில் ஆரம்பித்த தகராறு. மரம் பட்டுப்போய், விறகாகி, சாம்பலாகவும் ஆகிவிட்டது. மரம் நின்ற இடத்தில் புல் முளைத்துவிட்டது. பேச்சு மட்டும் வரவில்லை.

ஆனால் கிணறு பொது. ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. மோட்டாரில் கண்டன்சர் போனால் சொல்ல வேண்டும். கரண்டு ராத்திரிக்கு மாறினால் சொல்ல வேண்டும். அதனால் மீனிடம் சொன்னார்கள். முதலில் மோட்டார் சமாசாரம்தான். போகப் போக, மக்காச்சோளத்துக்கு மருந்தடித்தது, மகளைப் பெண் பார்க்க வந்தது, சர்க்கரை கூடியது, எல்லாம் மீனுக்குத் தெரிந்தது. அவர்கள் அம்மா இறந்தபோது கேத வீட்டில்கூட இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையாம். மறுநாள் கிணற்றடியில் வந்து நின்றுதான் கருமாதிக்கு நாள் குறித்தார்களாம். நடுவில் மீன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மீன் போனால், இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. ரோட்டோரத்தில் என் குரல் கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தது: "ஆப்பிரிக்கத் தேளி உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வது..."

தலை அந்தப் பக்கம், வால் இந்தப் பக்கம்

மேடம் ஸ்கூட்டியில் வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். ஆற்றைத் திரும்பிப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தையும் பார்த்தார்.

"போன மழையில தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"

குருசாமி கிணற்றுச் சுவரின் விளிம்பைத் தொட்டுக் காட்டினார்.

"இன்னும் ஒரு மழைக்கு இது ஆத்துல இருக்கும்" என்றார் மேடம்.

"இது நம்மூரு தேளிதாம்மா" என்றார் குருசாமி.

நான் ரெங்கசாமியைப் பார்த்தேன். அண்ணன் கிழக்கு என்றால் மேற்கு என்கிற ஆள். அவர் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்: "மாப்ள, ஒன்னய வாங்கிட்டு வந்தவன் நானு. எனக்குத் தெரியாதா? நீ நம்மூருதான்னு அவியகிட்டச் சொல்லு."

வேப்பமரத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். அது தப்பாகவும் இருந்தது.

மீன் காட்டிக்கொடுத்துவிட்டது. சேவு போட்டதும் வழக்கம்போல மேலே வந்தது. மேடம் கொண்டுவந்திருந்த கைவலையில் பாதிதான் அடங்கியது. மீதிக்கு நான் சாக்கைப் பிடித்தேன். தரையில் போட்டபோது குருசாமி காட்டிய கை அளவு சரியாக இருந்தது. தட்டையான பெரிய தலை. உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுப்பு.

"நாட்டுத் தேளி ஒரு முழம் வந்தாலே அபூர்வம்" என்றார் மேடம். குரலில் அதிகாரம் இல்லை. "வித்தவன் ஏமாத்திட்டான். உங்க மேல தப்பில்ல. ஆனா இத விட முடியாது அண்ணாச்சி."

மற்ற மீன் என்றால் நாலு துள்ளு துள்ளிவிட்டு அடங்கியிருக்கும். தேளி வெளியிலும் மூச்சு விடும். ஈரக் கரிசலில் வயிற்றைத் தேய்த்து, நெளிந்து நெளிந்து கிணற்றைப் பார்த்தே நகர்ந்தது. சேறு அப்பிக்கொண்டு அதற்கே யாரென்று தெரியாத மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் எதுவும் செய்யவில்லை. மேடம் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசியில் ரெங்கசாமி மண்வெட்டியை எடுத்தார். வாங்கி வந்தவன்தானே முடிக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. ஓங்கினார். கை அப்படியே நின்றது. கீழே இறங்கவில்லை.

"தம்முடு" என்றார் குருசாமி.

தெலுங்கில் தம்பி. எனக்குத் தெரிந்த நாலைந்து தெலுங்கு வார்த்தைகளில் அது ஒன்று. மீனைப் பார்த்துச் சொல்லவில்லை. நேராகத் தம்பி முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"தம்முடு, நீ விடு. நான் செய்யுதேன்."

ரெங்கசாமி மண்வெட்டியைக் கொடுத்தார். கொடுக்கும்போது இருவர் கையும் ஒரு கணம் அதன் பிடியில் ஒன்றாக இருந்தது. குருசாமி ஒரே அடியில் முடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

அதற்குள் விஷயம் ஊருக்குள் போய்விட்டிருந்தது. அரிசி களைந்த ஏனத்தோடு காலையில் வந்த அதே பெண் வரப்பில் வந்து நின்றாள்.

"ஏன் பாய், கடைசியில மீனு வந்திருச்சு போல?"

"இது விக்கிற மீனு இல்ல தாயி" என்றார் குருசாமி. அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஏனத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

புதைக்க வேண்டும். எங்கே? குருசாமி தன் பக்கம் என்றார். ரெங்கசாமி, வாங்கினது நான், என் பக்கம் என்றார். மேடம் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். கடைசியில் வரப்பிலேயே குழி வெட்டினார்கள். தலை அண்ணன் பக்கம், வால் தம்பி பக்கம்.

நாட்டுக் கெண்டைக் குஞ்சு கொண்டுவந்து தருவதாக மேடம் சொன்னார். இருவரும் சரி என்று தலையாட்டினார்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது: இனி நாளைக்கு மோட்டார் ஓடாது என்றால் யாரிடம் சொல்வார்கள்? குஞ்சுகளுக்கு இந்த விவரமெல்லாம் புரியாதே.

நானும் மேடமும் ரோட்டை நோக்கி நடந்தோம். பாதி தூரம் போயிருப்போம். பின்னால் குரல் உயர்ந்தது.

"வரப்பு இங்கனதான்னு எவன் சொன்னது? மரம் நின்ன எடம் அது, ஒரு முழம் அந்தால தள்ளி!"

"ஒம்ம கண்ணுல என்ன பீளையா? மரத்துத் தூரு இங்கனதான இருந்துச்சு!"

"ஏலே, யாரப் பாத்துப் பீளைங்க? நான் ஒனக்கு அண்ணன்டா!"

"அண்ணன்னா? அண்ணன்னு இப்பதான் ஞாபகம் வந்துச்சோ ஒமக்கு?"

மேடம் பதறிப்போய் நின்றார். "பாய், அடிச்சுக்கிடப் போறாங்க. போயி விலக்கி விடுவோமா?"

"வேண்டாம் மேடம்" என்றேன். "ரெம்ப வருசத்துப் பாக்கி."

என் குழாய் மட்டும் விடாமல் விரால், கெண்டை, கெளுத்தி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அண்ணனும் தம்பியும் திட்டிக்கொள்வது அதில் பாதி காதில் விழவில்லை. நான் ஆட்டோவுக்கு ஓடிப்போய் அதை அணைத்தேன்.